முப்பத்தொன்பது தாண்டினால் எழுப்பு

தம்பி,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருப்பதாக நீ போனில் சொல்கிறாய். அதை இனிமேல் அப்படியே நம்பலாமா, கூடாதா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால், "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மடித்து வைத்தாலும் மேசையில் கிடந்து உன் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். தமிழில் எழுதினால் நீ எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும் என்று எனக்குத் தெரியும். ஆகட்டும். முடியாவிட்டால் என் மருமகள் தர்ஷினி வாசித்துக் காட்டட்டும், அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை இங்கே மவுண்ட் ரோஸ்கில் காய்கறிக் கடையில் உன் மாமியாரைப் பார்த்தேன். நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து தோளைத் தொட்டு, "அக்கா, இனிப் பயப்பிடாதேங்கோ. பிள்ளை இப்ப ஓடித் திரியுதாம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் பிள்ளை என்று கேட்டேன். அவர் முகம் அப்படியே வாடிவிட்டது. "ஐயோ, உங்களுக்குச் சொல்லேல்லையோ? நான் வாயை விட்டிட்டன்" என்றார். அப்புறம் நான் விடுவேனா? கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பேத்தி யாழினிக்குக் காய்ச்சல் வந்ததும், முப்பத்தொன்பதரை வரை ஏறியதும், மருந்து கொடுத்தும் இறங்காமல் நீங்கள் இருவரும் திண்டாடியதும் அந்தக் கடையில் நின்றுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏன் இறங்கலையாம்?" என்று கேட்டேன். "டொக்டர் குடுத்த அட்டையிலை எல்லாம் றாத்தல் கணக்காம், அக்கா. மருமகன் பிள்ளையின்ரை நிறையைக் கிலோவிலை நினைச்சு, பதினாலு எண்ட இடத்தைப் பார்த்துக் குடுத்துப்போட்டார். அது கைக்குழந்தைக்குக் குடுக்கிற அளவாம். பிறகு அவரே கண்டுபிடிச்சு, டொக்டருக்குப் போன் அடிச்சு, எல்லாம் சரிப்பண்ணிட்டார். தம்பியை ஏசிப்போடாதேங்கோ" என்றார். பேசும்போது போனை எடுத்து ஒரு படமும் காட்டினார். உன் தோளில் பிள்ளை தூங்குகிற படம். கண்ணாடி எடுத்துப்போகாததால் எனக்கு முடியும் கன்னமும்தான் தெரிந்தன. கன்னம் வற்றிப்போயிருந்தது போல இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன், அனுப்புங்கள் என்றேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ கிலோவையும் பவுண்டையும் (அவர் றாத்தல் என்றது அதைத்தான்) குழப்பினாய் என்று கேட்டவுடன், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பார்த்தாயா, நான் சொன்னேனா இல்லையா என்று. பேத்திக்குக் காய்ச்சல் என்ற செய்தியைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவளுக்கு வரக்கூடிய எண்ணமா அது? காருக்குப் போய் உட்கார்ந்து, சாவியைப் போடாமல் கொஞ்ச நேரம் அழுதேன். கத்தரிக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

நான் உன்னை நச்சரித்தேன், ஒத்துக்கொள்கிறேன். நீ டல்லஸில் இறங்கிய நாளிலிருந்து, ஒரு கேலன் பால் என்றால் நம்மூர் இரண்டு லிட்டர்க் கேன் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு மைல் என்றால் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தேன். அந்தக் கார் விஷயம் வேறு. தர்ஷினி காரிலிருந்து வீடியோவில் பேசினாளே, அப்போது ஸ்பீடோமீட்டரில் எழுபத்தைந்து என்று பார்த்தேன். "நல்ல பிள்ளை, குழந்தையை வச்சுக்கிட்டு எவ்வளவு மெதுவாப் போறான் பாருங்க" என்று அப்பாவிடம் பெருமைப்பட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அது மைல்டி. நம்ம கணக்குல நூத்திருபது" என்றார். அவ்வளவுதான். நீ வீடு சேர்ந்துவிட்டாய் என்று மெசேஜ் வரும்வரை நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன். அதற்குப் பிறகுதான் நீ கோபப்பட்டாய். "அம்மா, ப்ளீஸ். எனக்குக் கணக்கு வரும். போன்லயே எல்லாம் இருக்கு. நீங்க பயப்படுறதைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு" என்றாய். அந்தக் கடைசி வரி என்னைச் சுட்டது. அன்றோடு மைலையும் கேலனையும் அனுப்புவதை நிறுத்தினேன். நான் நிறுத்திய பிறகு, நீயும் சிலவற்றைச் சொல்வதை நிறுத்திவிட்டாய் போலிருக்கிறது.

கணக்கு உனக்கு வரும். எனக்கா தெரியாது? ஆனால் இது கணக்கு மட்டும் இல்லை, தம்பி. பாட்டனி பகுதியில் இருக்கும் துணிக்கடையில், வெட்டும் மேசையருகே நின்று இத்தனை வருஷமாக வெட்டுகிறேன். என் கழுத்தில் தொங்கும் டேப்பின் ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறுபக்கம் இஞ்ச். எது சுலபம் என்று கேட்டால் பெரும்பாலும் மீட்டர் பக்கம்தான் கையைக் காட்டுவேன். ஏழு இஞ்சும் எட்டில் ஐந்து பங்கும், அதோடு மூன்றே முக்கால் இஞ்ச் கூட்டு என்று ஒருவர் சொன்னால் நான் பென்சிலைத் தேட வேண்டும். அதையே பத்தொன்பது புள்ளி நான்கும் ஒன்பதரையும் என்று சொன்னால் வாயாலேயே இருபத்தெட்டு புள்ளி ஒன்பது என்பேன். ஆனால் ஒரு மீட்டரை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடு பார்க்கலாம். முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று என்று முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு கஜம் என்றால் ஆளுக்குப் பன்னிரண்டு இஞ்ச், சண்டையே இல்லை. ஈஸ்ட் டாமாக்கியில் கிச்சன் அலமாரி செய்கிற அப்பாவைக் கேள், மில்லிமீட்டரைத் தவிர மற்றதெல்லாம் குப்பை என்பார். அந்த மனிதர்தான், நீ தர்ஷினியைப் பற்றிச் சொன்ன அன்று, "அஞ்சரை அடி இருப்பாளா?" என்று கேட்டார்.

நம் வீடே அப்படித்தானே. மதுரையில் இருந்தவரை வெயிலைச் செல்சியஸில் சொன்னோம், காய்ச்சலை ஃபாரன்ஹீட்டில் சொன்னோம். துணி மீட்டரில், ஜாக்கெட் இஞ்சில். பால் லிட்டரில், ஆள் உயரம் அடியில், தாலி பவுனில். எங்களுக்கு அது குழப்பமே இல்லை, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவுதான். எந்தத் தையல்காரரும் ஜாக்கெட்டைச் சென்டிமீட்டரில் வெட்டி இஞ்சில் தைக்கமாட்டார். ஒரே வேலைக்குள் இரண்டு அளவு புகுந்தால்தான் வம்பு.

அதை நான் கடை மேசையருகே நின்று பார்த்திருக்கிறேன். துண்டு துண்டாகத் துணி வெட்டி இணைத்துத் தைக்கும் போர்வை இருக்கிறதே, அதற்காக எங்கள் கடைக்கு வரும் பெண்கள் நிறையப் பேர். அதில் தையலுக்கு விடுவது கால் இஞ்ச். ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், மகள் பிரசவத்துக்குப் போர்வை தைத்தார். ஒரு பாதியைக் கால் இஞ்ச் விட்டுத் தைத்தார். மறுபாதிக்கு வரும்போது, ஆறு மில்லிமீட்டர் என்றாலும் அதுதானே என்று அப்படியே விட்டுத் தைத்தார். வித்தியாசம் நகக்கீறல் அளவுகூட இல்லை. ஆனால் வரிசைக்கு நாற்பது துண்டு என்று இணைத்து முடித்தபோது ஒரு பாதி மற்றதைவிட இரண்டு விரற்கடை நீளம். மேசையில் விரித்துக் காட்டிவிட்டு, "எங்கே தப்புச் செய்தேன் என்றே தெரியவில்லை, ஒவ்வொரு தையலும் சரியாகத்தான் இருக்கிறது" என்று கண் கலங்கினார். நாங்கள் இருவரும் அன்று பாதிப் போர்வையைப் பிரித்தோம்.

நீயும் ஒவ்வொரு தையலையும் சரியாகத்தான் போட்டாய். பிள்ளையை எடை பார்த்திருந்தாய், எண்ணை நினைவில் வைத்திருந்தாய், அட்டையைப் பார்த்துத்தான் கொடுத்தாய். மருந்தின் பெயர்கூட அங்கே வேறு, அதையும் விசாரித்துத்தான் வாங்கினாய். பதினாலு என்பது கிலோ, அட்டையில் இருந்த பதினாலு பவுண்டு. யாழினி முப்பத்தோரு பவுண்டு இருப்பாள். பாதி மருந்துதான் போயிருக்கிறது, நல்லவேளை. குறைவாகப் போனதால் இறங்கவில்லை, அவ்வளவோடு போயிற்று. என்றைக்காவது பவுண்டைப் பார்த்துக் கிலோ என்று நினைத்துக் கொடுத்தால்? நீ கொடுக்கமாட்டாய். கொடுக்கமாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அடுத்த நிமிஷமே திரும்பவும் அதே கேள்வி வந்து நிற்கிறது.

நான் ஏன் காய்ச்சல் என்றால் இப்படி ஆகிறேன் என்று உனக்குப் பாதிதான் தெரியும். உனக்கு இரண்டு வயது. நாம் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலம், ஒரு ஞாயிறு மதியம். தொட்டுப் பார்த்தேன், சுட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த பாதரச தெர்மாமீட்டர் பயணத்தில் உடைந்திருந்தது. கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே நர்ஸ் உன் காதில் எதையோ வைத்துப் பார்த்து, முப்பத்தொன்பது புள்ளி ஆறு என்றாள். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, தம்பி. நம்புவாயா? முப்பத்தொன்பது எனக்கு வெயிலின் எண். மதுரையில் சாதாரண நாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அப்பா முகத்தைப் பார்த்தேன். அப்பா கையில் இருந்த பார்க்கிங் சீட்டின் பின்னால் பெருக்கி, கூட்டி, "நூத்திமூணு" என்றார். அப்போதுதான் உன்னை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் உனக்கு வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே போய், கை கால் வெட்டி இழுத்து, கொஞ்ச நேரம்தான். நர்ஸ் உன்னைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் இப்படி வருவதுண்டு, சரியாகிவிடும் என்று என் முதுகைத் தடவினாள். அவள் சொன்னது போலவே நீ தேறிவிட்டாய், அப்புறம் வரவேயில்லை. ஆனால் எனக்கு அது இன்னும் போகவில்லை. உன் பிள்ளைக்கும் அப்படி வந்துவிடுமோ என்றுதான், அவள் பிறந்ததிலிருந்து காய்ச்சல் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

அந்த வாரமே மருந்துக்கடையில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். மஞ்சள் மூடி போட்டது, செல்சியஸ் மட்டும் காட்டுவது. "ஃபாரன்ஹீட் காட்டுறது கிடைக்குமே, உனக்குப் பழக்கமானது" என்று அப்பா சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். இந்த ஊர் நர்ஸிடம் பேச வேண்டும் என்றால் இந்த ஊர் எண்ணிலேயே எனக்குப் பயம் வர வேண்டும், நடுவில் ஒருவர் பார்க்கிங் சீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை என்று தோன்றிற்று. முப்பத்தெட்டு என்றால் கவனி, முப்பத்தொன்பது தாண்டினால் எழுப்பு என்று ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டினேன். நான் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கிய நாட்களில் அப்பாவுக்கு அதுதான் சட்டம். நீ அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் வளர்ந்தாய். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட, "முப்பத்தொன்பதும்மா" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் கொடுப்பாயே.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் எனக்கு உறைத்தது. உன் மாமியார் முப்பத்தொன்பதரை என்றாரே. டல்லஸில் ஏது முப்பத்தொன்பதரை? அங்கே நூற்றிமூன்று என்றல்லவா காட்டியிருக்க வேண்டும்? கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் அனுப்பியிருந்த படத்தை விரித்துப் பார்த்தேன். உன் தோளில் யாழினி. அவள் தலைக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை, தண்ணீர்க் குவளை. அதன் பக்கத்தில் மஞ்சள் மூடி. பாத்ரூம் இழுப்பறையைப் போய்த் திறந்தேன். பேண்டேஜ் இருந்தது, தைலம் இருந்தது, அது இல்லை. எப்போது எடுத்தாய்? பெட்டி கட்டிய அன்றா? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே. கேட்டால் நான் அழுவேன் என்றுதான் கேட்கவில்லையா?

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "அவனுக்கும் அந்த நம்பர்லதான் பயம் வருது" என்றார். அப்புறம் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ராத்திரி தர்ஷினியிடம் பேசினேன், அவள்மேல் கோபப்படாதே. நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். டாக்டரின் கிளினிக் நர்ஸ் போனில் எவ்வளவு என்று கேட்டபோது நீ முப்பத்தொன்பதரை என்றாயாம். அவள் புரியாமல் திரும்பக் கேட்டாளாம். பிள்ளை அலற, நீ ஒரு கையில் அவளை வைத்துக்கொண்டு மறுகையில் போனில் தட்டிக் கணக்குப் போட்டாயாம். நான் அதைக் கண்ணால் பார்த்தது போல இருந்தது, தம்பி. பார்க்கிங் சீட்டு மட்டும்தான் இல்லை.

அதனால் இப்போது நான் சொல்லப்போவதைக் கேள். சொல்ல எனக்கு மனசே இல்லை. அந்த மஞ்சள் மூடியைப் பார்த்ததிலிருந்து ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும் போல இருக்கிறது எனக்கு. ஆனாலும் சொல்கிறேன். அதை எடுத்து உள்ளே வை. அந்த ஊர்க் கடையில், அந்த ஊர் எண் காட்டுகிற ஒன்றை வாங்கு. நூறு, நூற்றிரண்டு, நூற்றிமூன்று என்று நீயும் தர்ஷினியும் பயந்து பழகுங்கள். எடையைப் பவுண்டில் மட்டும் பார், பவுண்டில் மட்டும் சொல், பழைய பதினாலை மறந்துவிடு. எந்த எண்ணுக்குக் கவனிக்க வேண்டும், எந்த எண்ணுக்கு எழுப்ப வேண்டும் என்று உங்கள் டாக்டரையே கேட்டு ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டு. யாழினி அந்தச் சீட்டைப் பார்த்து வளரட்டும். அவள் போர்வைக்குள்ளிருந்து பொய் சொல்லும்போது அந்த ஊர் எண்ணில் சொல்லட்டும். நான் மதுரையை விட்டு முப்பத்தொன்பதுக்கு வந்தேன். நீ என் முப்பத்தொன்பதை விட்டுப் போக வேண்டியதுதான்.

எனக்குச் சொல்லும்போது மாற்றிச் சொல்லாதே. நூற்றிமூன்று என்றால் நூற்றிமூன்று என்றே சொல். அது என் பழைய எண், எனக்கு உடனே புரியும். எனக்குப் பயமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். இத்தனை வருஷம் பயந்தும் நான் உன்னை வளர்க்கவில்லையா? நீ சொல்லாமல் விட்டால்தான் எனக்குத் தாங்காது. இனி நீ ஒவ்வொரு தடவை "எல்லாரும் நல்லா இருக்கோம்மா" என்னும்போதும், நான் காய்கறிக் கடைக்குப் போய் உன் மாமியாருக்காகக் காத்து நிற்கவா?

அந்தத் தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதே. அதற்கும் வயதாகிவிட்டது, பேத்திக்கு அதை நம்பமாட்டேன். ஆனால் எங்கள் வயதுக்கு அது போதும். அடுத்த தடவை வரும்போது கொண்டு வா. அப்பாவுக்கு இந்தக் குளிரில் இருமல் விடவே இல்லை, எனக்கும் இப்போதெல்லாம் அடிக்கடி உடம்பு சுடுகிறது. ஒரு நாள் நீ என் கட்டிலில் உட்கார்ந்து, என் வாயில் அதை வைத்துவிட்டு எண்ணைப் பார்ப்பாய். அப்போது "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிடாதே. முப்பத்தொன்பது என்றால் முப்பத்தொன்பது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்.

அம்மா